பூங்கா தெருவைவிடத் தாழ்ந்திருக்கட்டும்

கேள்வி: எங்கள் தெருவில் புதிதாக மழைநீர் வடிகால் கட்டிய பிறகும், ஒரு மணி நேர மழைக்கே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. செடிப்பாத்திகளையும் பூங்காக்களையும் கொண்டே மழைநீரைச் சமாளிக்கும் நகரங்கள் உண்டாமே; அது நமக்கு ஒத்துவருமா?
(வாசகி, சென்னை)

பதில்: ஒத்துவரும், ஆனால் மட்டம் சரியாக இருக்க வேண்டும். ஆறு மீட்டர் அகலமும் நூறு மீட்டர் நீளமும் உள்ள தெருவில் 50 மி.மீ. மழை பெய்தால், சாலையின்மேல் மட்டும் 30,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் பிடிக்கும் லாரியில் இரண்டரை லாரித் தண்ணீர் விழுகிறது. மொட்டைமாடிகளிலிருந்து குழாய் வழியே தெருவுக்கு வருவது தனி. இத்தனையும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் எந்த வடிகாலும் திணறத்தான் செய்யும். அதில் ஒரு பங்கை வழியிலேயே நிறுத்தி மண்ணுக்குள் இறக்குவதே பாத்தியின் வேலை.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், சிஸ்கியூ என்ற குடியிருப்புத் தெருவில், 2003-இல் சாலையின் இருபுறமும் ஏழடி அகலமும் ஐம்பதடி நீளமும் கொண்ட பாத்திகளை அமைத்தார்கள். ஓரக்கல்லில் வெட்டிய வாய் வழியே நுழையும் தண்ணீர், உள்ளே உள்ள சிறு தடுப்புகளில் ஏழு அங்குலம் வரை நின்று, ஒன்று நிரம்பியதும் அடுத்ததற்கு வழிந்து, மிச்சமே வடிகாலுக்குப் போகிறது. நாமோ நடைபாதை மரத்தைச் சுற்றி அரையடிச் சுவர் எழுப்பி, சிமென்ட் பூசி, வண்ணமும் அடித்துவிடுகிறோம். மழையில் நின்று பாருங்கள்: தெருத்தண்ணீர் அந்தச் சுவரை உரசிக்கொண்டே ஓடும், ஒரு சொட்டும் வேருக்குப் போகாது. பூங்காக்களையும் மண் கொட்டி உயர்த்துவதால் அவற்றின் தண்ணீரும் தெருவுக்கே வருகிறது. இதைக் காணும்போதெல்லாம் மனம் பொறுப்பதில்லை.

2011 ஜூலை 2 அன்று கொட்டிய பெருமழையில் மூழ்கிய கோபன்ஹேகன் நகரம், அடுத்த ஆண்டே இதற்கெனத் திட்டம் வகுத்தது. அதன்படி மாற்றியமைக்கப்பட்ட எங்காவெ பூங்காவில், விளையாட்டுத் திடலைத் தாழ்த்தியும் ஓரங்களில் குட்டைச்சுவர் எழுப்பியும், பெருமழையின்போது ஏறத்தாழ 2 கோடியே 26 லட்சம் லிட்டர் தண்ணீரைத் தேக்க வழி செய்திருக்கிறார்கள். மற்ற நாள்களில் அங்கே பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

சென்னையின் கடலோர மணலில் தண்ணீர் விரைவில் இறங்கும். களிமண் பகுதிகளில் பாத்திக்கு அடியில் மணலும் ஜல்லியும் நிரப்பி, துளையிட்ட குழாய் பதித்து வடிகாலோடு இணைக்க வேண்டும். 2015 டிசம்பரில் பெய்தது போன்ற மழையைப் பாத்திகளால் மட்டும் தாங்க முடியாது என்பதால் வடிகாலும் ஏரியும் சதுப்புநிலமும் கட்டாயம் வேண்டும். ஐப்பசி பிறக்குமுன் ஓரக்கல் வாயில் அடைத்திருக்கும் சருகையும் பிளாஸ்டிக் பைகளையும் அள்ளாவிட்டால், பாத்தி கட்டியும் பயனில்லை.

கேள்வி: பாத்தியில் தண்ணீர் நின்றால் கொசு பெருகாதா?
(வாசகர், தாம்பரம்)

பதில்: கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை அடைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், முறையாக அமைத்த பாத்தியோ ஓரிரு நாளில் வடிந்துவிடும். மழை விட்டு மூன்றாம் நாளும் தண்ணீர் நின்றால், மேலே வண்டல் படிந்து மண் அடைத்துக்கொண்டிருக்கலாம். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மண்ணைக் கிளறிவிடுங்கள்.