உலக ஸ்டாம்ப் கலெக்‌ஷன்: பிரிக்கிறது, அடுக்குறது, பூஞ்சை வராம காப்பாத்துறது – கேள்வி பதில்

கேள்வி: சார், தாத்தா சேர்த்த ஸ்டாம்ப் ரெண்டு ஷூ பெட்டி நிறைய இருக்கு, எல்லா நாடும் கலந்து கிடக்கு. நல்லதா ஒரு ஆல்பம் வாங்கலாம்னு இருக்கேன், எது வாங்குறது?

பதில்: ஆல்பம் இப்ப வேணாம் தம்பி. கைல என்ன இருக்குன்னே தெரியாம வாங்குனா அப்புறம் ஆல்பத்துக்கு ஏத்த மாதிரி ஸ்டாம்பை மாத்தி மாத்தி வச்சுட்டே இருப்பீங்க, அதுலயும் நாட்டுக்கு ரெண்டு பக்கம்னு அச்சடிச்சு வர்றது சுத்தமா வேணாம், ஹங்கேரி நூத்துக்கணக்குல வந்து நிக்கும், வேற ஏதோ ஒரு நாட்டு பக்கம் காலியாவே கிடக்கும். முதல் ரவுண்டுல நாடு வாரியா மட்டும் பிரிங்க, வருஷம், சீரிஸ், விலை எதையும் பாக்காதீங்க. கிளாசின் கவர் (பாதி ஊடுருவித் தெரியுற வழவழ மெல்லிய பேப்பர் உறை) கட்டா வாங்கி ஒரு நாட்டுக்கு ஒண்ணு போட்டு, மேல பென்சில்ல பேர் எழுதி (ஸ்டாம்பை உள்ள போடறதுக்கு முன்னாடியே எழுதிடுங்க, இல்லன்னா தடம் பதியும்) இங்கிலீஷ் அகரவரிசைல நிக்க வைங்க. புரியாததுக்கு தனியா ஒரு கவர். விரல்ல தொடாதீங்க, முனை தட்டையா இருக்குற ஸ்டாம்ப் ட்வீசர் ஒண்ணு வாங்கிக்கோங்க. இன்னொண்ணு, தாத்தா முழு கடித உறையா எதுவும் வச்சிருந்தா தயவுசெஞ்சு ஸ்டாம்பை மட்டும் வெட்டி எடுக்காதீங்க. எந்த ஊர் முத்திரை, என்ன தேதி, எந்த வழியா வந்துச்சுன்னு அந்த உறைலதான் முழு கதையும் இருக்கு.

கேள்வி: அண்ணா, பாதி ஸ்டாம்புல நாட்டு பேரே படிக்க முடியல. கூகுள் லென்ஸ்தான் வழியா?

பதில்: ஒரு வாரம் உக்காந்தா லென்ஸே தேவைப்படாது. ஹெல்வேஷியான்னு இருந்தா சுவிட்சர்லாந்து, அங்க நாலு மொழி இருக்குறதால எந்த மொழிக்கும் சாயாம லத்தீன் பேரை போடுறாங்க. மாக்யார்னு இருந்தா ஹங்கேரி, சுவோமி ஃபின்லாந்து, நார்கே நார்வே, ஹெல்லாஸ் கிரீஸ். அல்பேனியாவும் குரோஷியாவும்தான் நிறைய பேரை குழப்பும், ஏன்னா அவங்க மொழில பேரே வேற மாதிரி ஆரம்பிக்கும், ஒண்ணு எஸ்ஹெச்க்யூ, இன்னொண்ணு ஹெச்ஆர்வி. சிசிசிபி மாதிரி தெரியுறது ரஷ்ய எழுத்து, சோவியத் யூனியன். ஜப்பான்ல 1966ல இருந்துதான் நிப்பான்னு இங்கிலீஷ் எழுத்துல வருது, 1947க்கு முந்தினதுல சாமந்திப்பூ முத்திரை இருக்கான்னு பாருங்க. எந்த பேருமே இல்லாம ராணி தலையோ ராஜா தலையோ மட்டும் இருந்தா அது பிரிட்டன், 1840ல உலகத்துலயே முதல்ல ஸ்டாம்ப் விட்டவங்கறதால இன்னைக்கும் பேர் போடறதில்ல. இலங்கை ஸ்டாம்ப் மட்டும் நமக்கு சுலபம், தமிழ்லயே இலங்கைன்னு இருக்கும், வெளிநாட்டு நண்பர்கள் அதை இந்தியா கட்டுல போட்டு அனுப்பி நான் பாத்திருக்கேன்.

கேள்வி: சிலோன், ஸ்ரீலங்கா ரெண்டையும் ஒண்ணா வைக்கணுமா தனித்தனியாவா? கோல்டு கோஸ்ட், கானா இதுக்கும் அதே குழப்பம்.

பதில்: ஸ்டாம்புல என்ன பேர் அச்சாகிருக்கோ அந்த பேர்ல தனி பக்கம், ஆனா ரெண்டும் அடுத்தடுத்து. 1972 வரைக்கும் சிலோன், அதுக்கப்புறம் ஸ்ரீலங்கா, அதே மாதிரி 1957ல கோல்டு கோஸ்ட் முடிஞ்சு கானா. எஸ்ஸுக்கு ஒரு மூலைல, சிக்கு ஒரு மூலைலன்னு பிரிச்சா அந்த நாட்டோட வரலாறே அறுந்து போயிடும்ங்கறது என் கருத்து, வேற மாதிரி வைக்கிறவங்களும் இருக்காங்க. திருவிதாங்கூர் சங்கு ஸ்டாம்ப், கொச்சி ஸ்டாம்ப் எல்லாம் இந்தியாவுக்கு பின்னாடி சமஸ்தானங்கள்னு ஒரு பகுதியா போடுங்க. புதுச்சேரில ஓடுன பிரெஞ்சு இந்தியா ஸ்டாம்ப் மட்டும் பிரெஞ்சு காலனிகளோட போகட்டும், 1892ல வந்த அந்த டிசைன் பேரை மட்டும் மாத்தி மத்த காலனிகளுக்கும் அடிச்சதுதான், பக்கத்துல வச்சு பாத்தா ரொம்ப அழகா இருக்கும்.

ஒரு எச்சரிக்கை, கேட்லாக் (ஸ்டாம்பை நம்பர் போட்டு பட்டியல் போட்ட புத்தகம்) ஒண்ணைத்தான் பிடிச்சுக்கணும். ஸ்காட்ங்கற அமெரிக்க கேட்லாக்ல ஏர்மெயிலுக்கு 'சி', நன்கொடை ஸ்டாம்புக்கு 'பி'ன்னு தனி எழுத்து போட்டு கடைசில தள்ளிடுவான், ஸ்டான்லி கிப்பன்ஸ்ங்கற பிரிட்டிஷ் கேட்லாக்ல அதெல்லாம் வந்த தேதிப்படி நடுவுலயே வரும். பாதி அது பாதி இதுன்னு வச்சா பிற்பாடு பிரிச்சு சரி பண்றது பெரிய வேலை.

கேள்வி: நாங்க சென்னைல கடற்கரை பக்கம் இருக்கோம். ஸ்டாம்ப் ஓரமெல்லாம் பழுப்பு புள்ளி புள்ளியா வருது. என்ன பண்றது மேடம்?

பதில்: மேடம் இல்ல, சார்தான், பரவால்லம்மா. உங்க கேள்விதான் இங்க முக்கியமானது. அது பூஞ்சை, துருன்னு சொல்லுவோம், பக்கத்துல இருக்குறதுக்கும் பரவும், அதனால புள்ளி வந்ததை இன்னைக்கே தனியா எடுத்துடுங்க. பிளீச்சிங் எல்லாம் போடாதீங்க, கலரும் சேர்ந்து போயிடும். காரணம் ஈரக் காத்துதான், காத்துல ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி நின்னா நல்லது, மழைக்காலத்துல நம்ம ஊர்ல அது நடக்காது, அதனால நாமதான் ஏற்பாடு பண்ணிக்கணும். ஸ்டாக்புக்கை (ஸ்டாம்பை செருகி வைக்க பட்டை இருக்குற புத்தகம்) படுக்க வச்சு ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதீங்க, நிக்க வைங்க, ரொம்ப நெருக்கியும் வேணாம். பாரம் அழுத்துனா மின்ட் ஸ்டாம்போட (பயன்படுத்தாம பசையோட இருக்குற புது ஸ்டாம்ப்) பசை பக்கத்துல ஒட்டிக்கும், ஒட்டிக்கிச்சுன்னா இழுத்து பிய்க்காதீங்க. வெளிச்சுவரை ஒட்டின பீரோ வேணாம், கீழ்த்தட்டும் வேணாம். மூடி இறுக்கமா இருக்குற டப்பால சிலிக்கா ஜெல் பை போட்டு வைங்க, நீலமா இருந்தது ரோஸ் ஆச்சுன்னா ஈரம் நிரம்பிடுச்சுன்னு அர்த்தம், சூடு பண்ணி உலர்த்தி திரும்ப போடுங்க. ஜெல்லை மறந்துட்டு டப்பாவை மாசக்கணக்குல மூடியே வச்சா மூடாம இருக்குறதை விட மோசம், உள்ள இருக்குற ஈரம் உள்ளயே நிக்கும். மழை இல்லாத நாள்ல எடுத்து ஃபேன் காத்துல பக்கம் பக்கமா புரட்டுங்க. வெயில்ல மட்டும் காட்டாதீங்க, கலர் வெளுத்துடும். ராமபாணப் பூச்சிக்கு பயந்து அந்துருண்டை போடுறவங்க நிறைய பேர் இருக்காங்க, அந்த ஆவி பிளாஸ்டிக்குக்கும் ஆகாது பசைக்கும் ஆகாது, சுத்தமா வச்சு அடிக்கடி புரட்டுறதுதான் பூச்சிக்கு மருந்து.

கேள்வி: போட்டோ ஆல்பத்துல வைக்கலாமா? விலை கம்மியா கிடைக்குது.

பதில்: கூடவே கூடாது. ஒட்டுற பக்கம் இருக்குற போட்டோ ஆல்பம் ஸ்டாம்பை கொன்னுடும். பிவிசி கவரும் அப்படித்தான், அதுல மெதுவா கசியற எண்ணெய் மை மேல ஏறும். புது ரெயின்கோட் மாதிரி வாசனை அடிச்சா வாங்காதீங்க, பாலிப்ராப்பிலீனா, பாலியெஸ்டரான்னு கேட்டு வாங்குங்க.

கேள்வி: ஹிஞ்ச் (ஸ்டாம்பை ஆல்பத்துல ஒட்டுற சின்ன பசை பேப்பர் துண்டு) போடலாமா?

பதில்: யூஸ்டு ஸ்டாம்புக்கு தாராளமா. மின்ட்டுக்கு வேணாம், பசைல தடம் விழுந்தா விலை இறங்கும், மவுண்ட் (ஸ்டாம்பை பசை படாம உள்ள வைக்கிற பிளாஸ்டிக் உறை) போடுங்க.

கேள்வி: அமெரிக்கால இருந்து வர்ற கவர்ல ஸ்டாம்ப் எவ்ளோ நேரம் ஊறப்போட்டாலும் வரமாட்டேங்குது சார், கிழிஞ்சே போச்சு.

பதில்: அது ஸ்டிக்கர் ஸ்டாம்ப். பழைய பசை வெதுவெதுப்பான தண்ணில இருபது நிமிஷத்துல தானா கழண்டு வரும், இந்த புது பசை அப்படி கரையாது. சுத்தி கொஞ்சம் ஓரம் விட்டு பேப்பரோடயே வெட்டி வச்சுக்கோங்க, உலகம் பூரா இப்ப நிறைய பேர் அப்படித்தான் வைக்கிறாங்க. ஊறப்போடும்போது சிவப்பு, பச்சை கலர் உறைத் துண்டை மத்ததோட சேர்க்காதீங்க, ஒண்ணுல சாயம் போனா தட்டுல இருக்குற எல்லாத்துலயும் ஏறும்.

கேள்வி: அஜ்மான், ஃபுஜைரா, உம்மல் குவைன்னு பெருசு பெருசா பெயிண்டிங் ஸ்டாம்ப் நிறைய இருக்கு. இதுக்கு இடம் ஒதுக்கணுமா?

பதில்: இதெல்லாம் இப்ப ஐக்கிய அரபு அமீரகத்துல இருக்குற குட்டி குட்டி அமீரகங்கள். 1960கள்லயும் 70கள் ஆரம்பத்துலயும் ஸ்டாம்ப் சேர்க்கிறவங்களை குறி வச்சு அடிச்சு தள்ளுனது அது, முத்திரையும் அச்சகத்துலயே குத்திடுவாங்க, பசை அப்படியே இருக்கும், பெரும்பாலும் கடிதத்துல போனதே இல்ல. பெருசா விலை கிடையாது. அதுக்காக தூக்கி போடாதீங்க, ஒரு தனி ஸ்டாக்புக்ல மொத்தமா வைங்க, குழந்தைங்களுக்கு ஆர்வம் வர்றதுக்கு அதை விட நல்ல ஸ்டாம்ப் கிடையாது.

கேள்வி: 2006ல வந்த சந்தன வாசனை ஸ்டாம்ப் மின்ட்டா இருக்கு, மத்த இந்தியா ஸ்டாம்போட வைக்கலாம்ல?

பதில்: தனி பாலியெஸ்டர் கவர்ல போட்டு அப்புறம் வைங்க. தேய்ச்சு தேய்ச்சு மோந்து பாக்காதீங்க, மேல பூசினதுதான் அந்த வாசனை, தேய்ஞ்சா போயிடும். இந்தியா பக்கத்துல அதோட இடத்தை காலியா விட்டு, எந்த கவர்ல இருக்குன்னு பென்சில்ல குறிச்சு வச்சா போதும்.