கேள்வி-பதில்: எல்லோரும் புகழ்ந்த விமானம் எனக்கு மட்டும் ஏன் ஓடவில்லை?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். ஆர்கேட் பாணியில், அதாவது நிஜத்தைவிட வேகமும் வேடிக்கையும்தான் முக்கியம் என்கிற பாணியில், புதிதாக ஒரு விமானச் சண்டை கேம் வந்திருக்கிறது, விமர்சகர்கள் ஒன்று சொல்கிறார்கள், காசு கொடுத்து ஆடியவர்கள் வேறொன்று சொல்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கிவிட்டேன். அந்த கேமின் பெயரையும் எடுத்துவிட்டேன், ஏனென்றால் நான் இன்னும் அதை முடிக்கவில்லை, முடிக்காத கேமுக்குப் பெயர் போட்டுத் தீர்ப்பு எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. பழைய கேம்களைப் பெயரோடே சொல்கிறேன், அவற்றின் கணக்கு முடிந்துவிட்டது.

ஒரு தளத்தில் பத்துக்கு ஒன்பது, இன்னொன்றில் ஆறு. இரண்டு பேருமே நல்ல பெயர் உள்ளவர்கள். யாரை நம்புவது?

இருவரையும் நம்பலாம். மதிப்பெண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

இந்த வகை கேம்களுக்கு வரும் விமர்சனங்களைத் தொடர்ந்து படித்தால் ஒன்று புரியும், பாராட்டுகிறவரும் குறை சொல்கிறவரும் பெரும்பாலும் ஒரே விஷயங்களைத்தான் பார்த்திருப்பார்கள், எதற்கு எவ்வளவு எடை கொடுத்தார்கள் என்பதில்தான் பிரிவார்கள். 2019 ஜனவரியில் ஏஸ் காம்பாட் 7 என்ற விமானச் சண்டை கேம் வந்தபோது அப்படித்தான் நடந்தது. மேகங்களை எல்லோரும் புகழ்ந்தார்கள், அதுவும் வெறும் அழகுக்காக இல்லை, மேகத்துக்குள் நுழைந்தால் விமானத்தில் பனி படியும், உள்ளே ஒளிந்தால் துரத்தும் ஏவுகணை குறி தவறும். கதை குழப்புகிறது என்று பலர் சொன்னார்கள். சில மிஷன்கள் நீளம், இடையில் செக்பாயின்ட் போதாது, கடைசி நிமிடத்தில் விழுந்தால் வெகுதூரம் பின்னால் போய்த் தொடங்க வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார்கள். நேரத்துக்குள் இத்தனை புள்ளி சேர்த்தால்தான் தேர்ச்சி என்கிற மிஷன்கள் சிலருக்கு எரிச்சல், சிலருக்கு அதுதான் ஆர்கேட். கடைசியில், பல விமர்சனங்களின் மதிப்பெண்ணைத் திரட்டிக் காட்டும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் சராசரி நூற்றுக்கு எண்பதை ஒட்டி நின்றது. அந்த எண்பதை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்? தோற்றால் திரும்ப ஆட உங்களுக்குப் பொறுமை உண்டா இல்லையா என்பது அதில் இல்லையே.

ஆறு கொடுத்தவரின் விமர்சனத்தை முதலில் படியுங்கள். அவர் எதற்குக் கோபப்பட்டாரோ அது உங்களையும் கோபப்படுத்துமா என்று பாருங்கள். ‘கதை சரியில்லை’ என்பது அவர் புகார், நீங்களோ வசனம் வந்தாலே பட்டனைத் தட்டித் தாண்டிவிடுகிற ஆள் என்றால் அந்த ஆறு உங்களுக்கு எட்டு.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மெட்டாக்ரிட்டிக்கில் கேம்களுக்கு 75 வாங்கினால் நல்லது என்று பச்சை, 74 என்றால் சுமார் என்று மஞ்சள். அந்தச் சராசரியும் நேர்ச் சராசரி அல்ல, சில பத்திரிகைகளுக்கு எடை அதிகம், எதற்கு எவ்வளவு என்று அவர்கள் வெளியே சொல்வதில்லை.

சிமுலேட்டர், அதாவது நிஜ விமானத்தை ஓட்டுகிற மாதிரியே இருக்கும் கேம், என்று நினைத்து வாங்கினேன். விமானம் ஒன்றில் எழுபது எண்பது ஏவுகணை இருக்கிறது, எரிபொருளே தீருவதில்லை. இது ஏமாற்று இல்லையா?

இல்லை. ஆர்கேட் என்று கடைப் பக்கத்தில் போட்டிருக்கிறது, எழுபது ஏவுகணை என்பதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். சுவிட்ச் ஒவ்வொன்றாகப் போட்டு இன்ஜினைக் கிளப்ப ஆசை என்றால் டி.சி.எஸ். வேர்ல்ட் என்கிற சிமுலேட்டர் பக்கம் போங்கள், அடிப்படை இலவசம்.

ஃப்ளைட் ஸ்டிக் ஒன்று, விமானம் ஓட்டும் கைப்பிடி மாதிரி, புதிதாக வாங்கினேன், இந்த கேமுக்காகவே. கணினி அதை அடையாளம் காண்கிறது, கேம் காணவில்லை. விமர்சனம் எதிலும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

உங்கள் மேல் தப்பே இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். விமர்சகர்களில் பெரும்பாலானோர் இரண்டு கையிலும் பிடிக்கும் சாதாரண கன்ட்ரோலரில்தான் ஆடுகிறார்கள், அதிலும் பலர் பிளேஸ்டேஷன் மாதிரி கன்சோலில். அதனால் ஸ்டிக் பிரச்சினை அவர்கள் கண்ணில் படுவதே இல்லை, வாங்கினவன் தலையில் விடிகிறது. ஏஸ் காம்பாட் 7 கணினிக்கு 2019 பிப்ரவரி 1 அன்று வந்தபோது இதே கூத்து, விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஸ்டிக்குகள்தான் ஒழுங்காக வேலை செய்தன, விலை உயர்ந்த செட் வைத்திருந்தவர்கள் கணினி கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் கொட்டித் தீர்த்தார்கள். கன்சோல் விமர்சனங்கள் அதற்கு முன்பே வந்துவிட்டன, அவற்றைப் படித்து வாங்கியவர்களுக்கு இது தெரிய வழியே இல்லை.

என் அலமாரியிலும் ஒரு ஸ்டிக் தூசி படிந்து கிடக்கிறது. ‘எல்லா கேமுக்கும் பொருந்தும்’ என்று அட்டையில் எழுதியிருந்ததை நம்பி வாங்கியது. எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், கேட்டால் பக்கம் போதாது.

உடனே செய்ய வேண்டியது, கேமுக்கு ரீஃபண்ட் கேளுங்கள், ஸ்டிக்கைத் திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் அதையும் அனுப்புங்கள். இரண்டும் முடியவில்லை என்றால் ஸ்டீம் இன்புட் அமைப்பில் ஸ்டிக்கின் அசைவுகளைக் கன்ட்ரோலராக மாற்றிக் காட்ட முடிகிறதா பாருங்கள். சில ஸ்டிக்குகளுக்கு நடக்கும். த்ராட்டில், அதாவது வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, அவ்வளவு துல்லியமாக வராது, ஆனால் ஆடலாம்.

வெளியாகும் முன்பே காசு கட்டி ப்ரீ-ஆர்டர் செய்தால் மூன்று நாள் முன்னதாகவே ஆடலாம், கூடவே தனி விமானம் ஒன்றும் தருகிறார்கள். போடலாமா ஐயா?

வேண்டாம். இதோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

கேம் விற்பவர்கள் விமர்சனம் எந்த மணிக்கு வெளியாகலாம் என்று விமர்சகரிடம் நேரம் குறித்துக் கொடுக்கிறார்கள், எம்பார்கோ என்பார்கள். அந்த நேரம் வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்னால் இருந்தால் அவர்களுக்கே கேம் மேல் நம்பிக்கை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வெளியீட்டு நாள் காலையில்தான் என்றால் எனக்கு மூக்கு வியர்க்கும். ப்ரீ-ஆர்டர் பரிசு எல்லாம் எதற்கு? அந்த விமர்சனம் வருவதற்குள் உங்கள் கையிலிருந்து காசை வாங்கிவிடுவதற்கு. வேறு காரணம் இருந்தால் யாராவது எழுதுங்கள், போடுகிறேன். டிஜிட்டல் கேம் தீர்ந்துபோகிற சரக்கா, முன்கூட்டியே துண்டு போட்டு இடம் பிடிக்க?

பரிசு சில சமயம் உண்மையிலேயே நல்லதாக இருக்கும், அதுதான் இன்னும் மோசம். ஏஸ் காம்பாட் 7-ஐ பிளேஸ்டேஷன் 4-இல் ப்ரீ-ஆர்டர் செய்தவர்களுக்கு ஏஸ் காம்பாட் 5 முழு கேமையே கொடுத்தார்கள். கேட்கத் தாராளம் மாதிரி இருக்கிறது. ஆனால் அந்தப் பதிப்பைத் தனியாக விற்கவே இல்லை. விமர்சனம் வரட்டும் என்று காத்திருந்த பொறுப்பான ஆளுக்கு அது கிடைக்க வழியில்லை. அவசரப்பட்டவனுக்குப் பரிசு, யோசித்தவனுக்கு அபராதம், இப்படி ஒரு கடை நடத்தினால் யோசிக்கிறவன் எங்கிருந்து வருவான்?

விமர்சனம் மோசமாக வந்துவிட்டால் அப்புறம் வேறு கூத்து. 2007-இல் பிளேஸ்டேஷன் 3-க்கு லேர் என்று ஒரு கேம் வந்தது, விமானத்துக்குப் பதில் டிராகன், மற்றபடி வான்சண்டைதான். கன்ட்ரோலரையே சாய்த்துச் சாய்த்துத்தான் ஓட்ட வேண்டும், வேறு வழி கிடையாது, கை வலிக்கிறது என்று எல்லோரும் எழுதினார்கள். அதற்கு பிளேஸ்டேஷனை விற்கும் சோனி விமர்சகர்களுக்கு ஒரு வழிகாட்டிக் கையேடு அனுப்பியது, எப்படி ஓட்டுவது என்று! கன்ட்ரோலரிலேயே இருக்கும் சின்ன ஸ்டிக்கில் ஓட்டும் வசதி அடுத்த வருஷம், 2008-இல்தான் வந்தது. முதல் நாள் வாங்கியவர்கள் அதுவரை சாய்த்துக்கொண்டே இருந்தார்கள்.

மூன்று நாள் முன்னதாக ஆடுவதில் ஒரு பொறியும் இருக்கிறது. ஸ்டீமில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் பொதுவாக ரீஃபண்ட் கிடையாது, ஆனால் முன்பெல்லாம் அந்த நாட்களில் ஆடிய நேரம் இந்தக் கணக்கில் வராது. 2024 ஏப்ரலில் மாற்றிவிட்டார்கள், இப்போது வரும். ஆசையில் முதல் நாள் ராத்திரியே ஐந்து மணி நேரம் ஆடினால், கேம் ஊர் முழுக்க வெளியாவதற்கு முன்பே உங்கள் ரீஃபண்ட் போய்விட்டது.

எனக்குப் பிடித்த யூடியூபர் “இந்த வருஷத்தின் சிறந்த வான்சண்டை” என்கிறார். அவர் பொய் சொல்வாரா?

பொய் என்று இல்லை. காசு வாங்கினாரா என்று பாருங்கள். ஷேடோ ஆஃப் மோர்டோர் கேமை யூடியூபர்களிடம் காசு கொடுத்துப் பாராட்ட வைத்து, அதை ஒழுங்காக வெளியே சொல்லவில்லை என்று வார்னர் பிரதர்ஸ் மேல் அமெரிக்க வணிக ஆணையம் புகார் போட்டு, 2016-இல் சமரசத்தில் முடிந்தது. வீடியோவுக்குக் கீழே இருக்கும் விவரத்தை முழுதாக விரித்துப் படியுங்கள், ‘மேலும்’ என்ற பட்டனுக்கு அடியில்தான் ஒளித்து வைப்பார்கள்.

விமர்சகர்கள் நல்ல மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் ஸ்டீமில் ஆடியவர்கள் எழுதியதில் திடீரென்று ஆயிரக்கணக்கில் எதிர்மறை விமர்சனம். கேம் கெட்டுப்போய்விட்டதா, இல்லை கூட்டமாகச் சேர்ந்து அடிக்கிறார்களா?

இரண்டும் இருக்கலாம். கூட்டமாக அடித்தாலே அது அநியாயம் என்று நான் நினைப்பதில்லை. 2023 மே மாதம் வார் தண்டர் என்ற ஆன்லைன் போர் கேமுக்கு இப்படித்தான் எதிர்மறை குவிந்தது. விமானம் நன்றாகப் பறக்கவில்லை என்று யாரும் எழுதவில்லை, அடுத்த விமானத்தைத் திறக்க நாள் கணக்கில் உழைக்க வேண்டியிருக்கிறது, இல்லையென்றால் காசை எடு என்கிறார்கள் என்பதுதான் புகார். நிறுவனம் இறங்கி வந்து அந்தக் கணக்குகளை மாற்றியது. நீங்கள் பார்க்கும் கேமில் என்ன நடந்தது என்று தெரிய, எதிர்மறை தொடங்கிய தேதியைப் பாருங்கள், அந்த வாரம் என்ன அப்டேட் வந்தது என்று பாருங்கள். நாற்பது மணி நேரம் ஆடியவர் எழுதிய குறையும் பத்து நிமிடம் ஆடியவர் எழுதிய குறையும் ஒன்றல்ல, ஸ்டீம் அந்த மணிக் கணக்கைப் பக்கத்திலேயே காட்டுகிறது.

மகன் இந்த கேமை, விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது போலக் காட்டும் வி.ஆர். கண்ணாடியில் ஆடினால்தான் ஆட்டமே என்கிறான். கண்ணாடி கேமைவிடப் பல மடங்கு விலை. வாங்கித் தரலாமா?

ஒரு கேமுக்காக வேண்டாம் அம்மா. ‘வி.ஆர். உண்டு’ என்று ஒரு வரி போட்டிருந்தால் எவ்வளவு உண்டு என்று கேளுங்கள். ஏஸ் காம்பாட் 7-இல் வி.ஆருக்கு மூன்றே மிஷன், அதுவும் பிளேஸ்டேஷன் கண்ணாடியில் மட்டும். அந்த மூன்றும் பிரமாதம் என்றுதான் எழுதினார்கள், எழுதி முடித்த கையோடு ஏன் இவ்வளவு சின்னது என்றும் கேட்டார்கள். 2020 டிசம்பரில் ஒரு சின்னக் குழு செய்த ப்ராஜெக்ட் விங்மேன் கணினியில் கதை முழுவதையும் வி.ஆரில் ஆட விட்டது. பெரிய நிறுவனம் செய்யாததைச் சின்னக் குழு செய்ததே என்று எனக்கு அப்போது சந்தோஷம். அதில் மற்றவர்களோடு சேர்ந்து ஆடும் மல்டிபிளேயர் கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். கண்ணாடியில் விமானம் உருளும்போது சிலருக்குத் தலை சுற்றி வாந்தி வரும், மகனுக்கு எப்படி என்று யாராவது வைத்திருக்கும் கண்ணாடியில் முதலில் பார்த்துவிடுங்கள்.

நான் காசு போட்டு விமானங்கள் சேர்த்த ஆன்லைன் கேமை மூடிவிட்டார்கள். திரும்ப எதுவும் கிடைக்காதா?

பெரும்பாலும் கிடைக்காது. உங்களுக்காக வருத்தப்படுகிறேன், உண்மையாகவே. ஏஸ் காம்பாட் இன்ஃபினிட்டி இலவசமாக 2014-இல் வந்தது, ஆடுகிறவர்கள் உள்ளே செலவழித்தார்கள், 2018 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள், விமானங்கள் எல்லாம் அதோடு போயின. வாங்கிவிட்ட சரக்கை இரவோடு இரவாக வந்து எடுத்துக்கொண்டு போவதற்கு வேறு எந்த வியாபாரத்திலும் திருட்டு என்றுதான் பெயர், இங்கே ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் 2025 முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது, விற்பது பொருள் இல்லை உரிமம்தான் என்றால் டிஜிட்டல் கடை அதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்று அது சொல்லவில்லை, எடுத்துக்கொண்டு போவோம் என்று முதலில் சொல்லிவிடு என்கிறது, அவ்வளவுதான்.

புது கேமில் கதைப் பகுதி இணையம் இல்லாமல் ஓடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். விமர்சனங்களில் இதை அபூர்வமாகத்தான் எழுதுகிறார்கள், அது வேறு எரிச்சல்.

பின்னால் வரப்போகும் கூடுதல் பகுதிகளுக்கு முன்பே காசு கட்டும் சீசன் பாஸும் சேர்த்து வாங்கலாமா?

உள்ளே என்ன வரும் என்று எழுதியிருக்கிறதா? இல்லை என்றால் வேண்டாம். இருந்தால் வரட்டும், வந்த பிறகு வாங்குங்கள். ஏஸ் காம்பாட் 7-க்குப் பின்னால் வந்த மூன்று கூடுதல் மிஷன்கள் கேமைவிட நன்றாக இருந்தன என்று சொல்பவர்கள் உண்டு, நானும் அவர்களில் ஒருவன், ஆனால் அது வந்த பிறகு தெரிந்தது. அதே நம்பிக்கையில் வேறொரு கேமுக்கு முன்கூட்டியே பாஸ் வாங்கினேன், வந்தது நாலு விமானத்துக்குப் புதுப் பெயின்ட்.

விலை குறையும் வரை காத்திருக்கவா?

ஆமாம்.

டீலக்ஸ் பதிப்பு வாங்கி இருபத்திரண்டு மணி நேரம் ஆடினேன், கதை முடிந்துவிட்டது. ரொம்பச் சின்ன கேம். ரீஃபண்ட் கேட்டால் ஸ்டீம் மறுக்கிறது. நியாயமா?

நியாயம்தான். ஸ்டீமில் பொதுவான விதி வாங்கி 14 நாளுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குள். பிளேஸ்டேஷனில் இன்னும் கடுமை, டவுன்லோடு தொடங்கிவிட்டாலே பொதுவாக முடிந்தது, அதனால் அங்கே வாங்குகிறவர்கள் தானாக டவுன்லோடு ஆகும் வசதியை அணைத்து வையுங்கள். நீங்கள் இருபத்திரண்டு மணி நேரம் ஆடியிருக்கிறீர்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் கேம் பிடித்திருந்ததா என்று கடிதத்தில் எழுதவே இல்லை, பிடித்துத்தான் இருந்திருக்கும். கதையின் நீளம் ஏறக்குறைய எல்லா விமர்சனத்திலும் இருக்கும் தகவல், நீங்கள் படித்தது மதிப்பெண்ணை மட்டும். டீலக்ஸுக்குக் கூடுதலாகக் கொடுத்த காசில் வந்த இசைத்தொகுப்பையாவது கேளுங்கள், இந்த வகை கேம்களில் இசை பெரும்பாலும் நன்றாக இருக்கும்.