கட் காப்பி மீண்டும் மேடையேறுவதில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் 'கட் காப்பி' குழு இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு மேடைக்குத் திரும்புவதை ரசிகர்கள் கொண்டாடுகிறார்களே? கணினியில் செய்த நடன இசையை மேடையில் வாசிப்பதும் முன்பே பதிவுசெய்த டிராக் போட்டுப் பாடுவதும் ஒன்றுதானே?

உங்கள் ஐயம் நியாயமானது. நடன இசைக்குழுக்கள் பலவற்றுக்கு அது பொருந்தவும் செய்யும். ஆனால் இந்தக் குழுவின் கதை தலைகீழானது. பதிவுக்கூடத்தில் உருவான குழு பிறகு மேடைக்குப் போனது என்று இதைச் சொல்ல முடியாது. ஒரு தனிமனிதரின் வீட்டுப் பதிவுகளுக்கு மேடை தேவைப்பட்டபோதுதான் அது குழுவாகவே ஆனது.

மெல்பர்னில் வரைகலை வடிவமைப்பாளராகவும் டிஜேயாகவும் இருந்த டான் விட்ஃபோர்ட், 2001-இல் தனியாக வீட்டில் பதிவு செய்யத் தொடங்கிய முயற்சிக்கு வைத்த பெயர்தான் கட் காப்பி. கணினியில் நாம் நாள்தோறும் சொடுக்கும் வெட்டு, நகலெடு என்ற இரண்டு கட்டளைகளே அந்தப் பெயராயின. கிதாருக்கு டிம் ஹோயியும் டிரம்ஸுக்கு மிட்செல் ஸ்காட்டும் வந்து சேர்ந்த பிறகு, 2004-இல் முதல் ஆல்பமான 'பிரைட் லைக் நியான் லவ்' வெளிவந்தது. தொடக்க காலத்தில் பேஸ் வாசித்த பென்னட் ஃபாடியை உங்களுக்கு வேறு வழியில் தெரிந்திருக்கலாம்: நான்கு விசைகளால் ஓர் ஓட்டக்காரரின் தொடைகளையும் கெண்டைக்கால்களையும் தனித்தனியே இயக்கச் சொல்லி, இரண்டடி ஓடுவதற்குள் நம்மைக் குப்புற விழவைத்த 'QWOP' என்ற அந்த 2008-ஆம் ஆண்டுக் கணினி விளையாட்டை உருவாக்கியவர் அவர்தான். இப்போது பேஸ் வாசிப்பவர் பென் பிரௌனிங்.

நியூயார்க்கில் இசைத் தயாரிப்பாளர் டிம் கோல்ட்ஸ்வொர்தியோடு சேர்ந்து உருவாக்கிய 'இன் கோஸ்ட் கலர்ஸ்' ஆல்பம் 2008-இல் ஆஸ்திரேலியத் தரவரிசையில் முதலிடத்தைப் பிடித்தது. அதிலுள்ள பதினைந்து தடங்களில் சில ஒன்றரை நிமிடத்தைக்கூட எட்டாதவை. ஒரு பாட்டின் வால் அடுத்த பாட்டின் தலையோடு முடிச்சுப் போட்டுக்கொள்வதற்காகவே அவை இருக்கின்றன. இசைத்தட்டுகளை இடைவெளி தெரியாமல் இணைக்கும் டிஜேயின் கைவேலை அது. இதையே மேடையில் நான்கு பேர் செய்யும்போதுதான் உங்கள் கேள்விக்கு உண்மையான விடை கிடைக்கிறது.

டிராக் போடுவதென்றால் பாட்டின் நீளம் முன்பே தீர்மானிக்கப்பட்டுவிடும். காதில் தாளம் காட்டி ஒலிக்கும் கிளிக்கை விட்டு யாரும் அரை மாத்திரைகூட விலக முடியாது. கட் காப்பியின் பாடல்களிலும், குறித்துவைத்ததைத் தானாக வாசிக்கும் சீக்வென்சரின் இயந்திரத் துடிப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதன்மேல் ஒருவர் காலால் கிக் டிரம்மை மிதிக்கிறார். அந்த மிதி இயந்திரத்தின் துடிப்போடு மிகச் சரியாகப் பொருந்தாமல் ஒரு மயிரிழை முன்னும் பின்னும் விழுவதையே என் உடம்பு 'ஆடு' என்ற அழைப்பாக எடுத்துக்கொள்கிறது. 2011-இல் வந்த 'ஜோனோஸ்கோப்' ஆல்பத்தின் கடைசித் தடமான 'சன் காட்' பதினைந்து நிமிடம் நீள்வது. அதன் பின்பாதியில் பெரும்பாலும் பாட்டே இல்லை, திரும்பத் திரும்பச் சுழலும் வாசிப்புதான். வீட்டில் கேட்கும்போது பத்தாவது நிமிடத்தில் எனக்குக் கை அலைபேசியை நோக்கிப் போய்விடும். அதைப் பதிவுக்கூடத்தின் வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். மேடைக்கு விட்டுவைத்த காலி மனையாகவே அதைக் கேட்கிறேன். அந்த ஆல்பம் கிராமி பரிந்துரை வரை போனது. 2013, 2017-இல் வந்த அடுத்த இரண்டும் என் காதில் அவ்வளவாகத் தங்கவில்லை.

இனி என் சொந்தக் காரணம். நான் வசிப்பது மெல்பர்னின் மேற்குப் புறநகர் ஒன்றில். அவர்களது ஆறாவது ஆல்பமான 'ஃப்ரீஸ், மெல்ட்' 2020 ஆகஸ்ட் 21 அன்று வெளியானபோது, இந்த நகரத்தில் இரவு எட்டு மணி முதல் காலை ஐந்து மணி வரை ஊரடங்கு. வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் போகக் கூடாது. உடற்பயிற்சிக்கு நாளைக்கு ஒரு மணி நேரம். நடன இசைக்குழுவின் ஆல்பம், அதன் சொந்த ஊரிலேயே ஆடுவதற்கு ஓரிடமும் திறந்திராத வாரத்தில் வந்தது. எனக்குக் கிடைத்த அந்த ஒரு மணி நேரத்தில், முகக்கவசத்துக்குள்ளிருந்து மேலேறும் மூச்சு மூக்குக் கண்ணாடியில் பனியாகப் படிய, ஆளில்லாமல் விளக்கெரிந்தபடி போகும் டிராமைப் பார்த்துக்கொண்டே அந்த எட்டுப் பாடல்களையும் நடந்து கேட்டு முடித்தேன். விட்ஃபோர்ட் கோபன்ஹேகனுக்குக் குடிபெயர்ந்து, அந்தக் குளிரில் எழுதத் தொடங்கிய இசை அது. முந்தைய ஆல்பங்களின் வேகம் இல்லாமல், இடைவெளி விட்டு மெல்ல நகர்வது. பொருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் பாதி ஆல்பத்தைத்தான் கேட்டேன் என்ற எண்ணம் போகவில்லை. மீதிப் பாதி கூட்டத்தில்தான் கேட்கும். மெல்பர்னின் ஊரடங்கு நாட்கள் 2021 அக்டோபரில் முடிந்தபோது மொத்தக் கணக்கு 262.

அதனால் 2025-இல் ஏழாவது ஆல்பமான 'மொமென்ட்ஸ்' வந்து, குழு மறுபடி மேடைப் பக்கம் திரும்பியபோது பழைய பாட்டுக்கான ஏக்கமாக மட்டும் அதை என்னால் பார்க்க முடியவில்லை. உறுப்பினர்கள் வெவ்வேறு கண்டங்களில் இருந்தாலும் ஒரு குழு கோப்புகளை அனுப்பிக்கொண்டே ஆல்பம் செய்துவிடலாம். ஒரே அறையில் ஒரே தாளத்துக்குள் நின்றாக வேண்டிய கட்டாயத்தைத் தருவது மேடைதான்.

நீங்கள் போவதாக இருந்தால், மேடையை ஒட்டி நிற்காதீர்கள். அங்கே ஒலிபெருக்கியின் அடித்தொனி மட்டும்தான் நெஞ்சில் இடிக்கும். ஒலிக்கலவை மேசைக்குச் சற்று முன்னால் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். 'நீட் யூ நௌ' வாசித்தால், ஆறு நிமிடப் பாட்டான அது கடைசிப் பகுதியில்தான் முழுதாகத் திறக்கும் என்பதை நினைவில் வைத்து, அதுவரை பாடுபவரை விட்டுவிட்டு டிரம்ஸ் வாசிப்பவரைக் கவனியுங்கள். அதன் பிறகும் டிராக் போட்டதுபோல்தான் இருந்தது என்று தோன்றினால், இதே பக்கத்தில் வந்து எழுதுங்கள், நான் ஏற்றுக்கொள்கிறேன்.