கடைசி நாளில் அப்பா அம்மாவை எங்கே அழைத்துப் போவது?

கேள்வி: லண்டன் ஹவுன்ஸ்லோவில் கணவர், ஏழு வயது மகனுடன் வசிக்கிறேன். கும்பகோணத்திலிருந்து வந்த அப்பாவும் (70) அம்மாவும் (65) மூன்று மாதம் எங்களோடு இருந்துவிட்டு, வருகிற வியாழக்கிழமை இரவு 9 மணி விமானத்தில் ஊர் திரும்புகிறார்கள். எனக்கு ரஸ்ஸல் ஸ்கொயர் பக்கம் அலுவலகம். நாங்கள் வேலைக்கு ஓடியதில் அவர்களுக்குப் பாதி நாள் வீட்டிலேயே போய்விட்டது. அந்தக் குறை தீர அன்று லீவு போட்டிருக்கிறேன். விண்ட்சர் கோட்டைக்குப் போகலாம் என்கிறார் கணவர். முட்டிவலிக்கார அம்மா, "எங்கயும் வேணாம்" என்கிறார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: அன்புத் தங்கைக்கு,

விண்ட்சர் வேண்டாம். அழகான இடம்தான். ஆனால் மேட்டின் மேல் கோட்டை, வாசலில் சோதனை, உள்ளே நெடுநேர நடை. இரவு விமானத்தை வைத்துக்கொண்டு போனால் யார் கண்ணும் கோட்டையில் இருக்காது, கடிகாரத்தில்தான் இருக்கும்.

பட்டவள் சொல்கிறேன். நானும் அந்த ஊரில் சில வருடங்கள் இருந்தவள். என் அப்பா, அம்மா கிளம்பிய நாளில் ஊருக்கு வெளியே ஓர் அரண்மனைக்கு அழைத்துப் போனேன். திரும்பும் வழியில் ரயில் நடுவில் நின்றுவிட்டது. அம்மாவின் மாத்திரை வீட்டில், பெட்டிக்குள். அப்பா மணியைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஊருக்குப் போனபிறகு அரண்மனையைப் பற்றி அவர் ஒருநாளும் பேசவில்லை. போனில் திரும்பத் திரும்பக் கேட்டதெல்லாம், "இப்ப எங்கம்மா உக்காந்து சாப்பிடுற?" என்பதுதான். அந்த இடத்தை நான் அவருக்குக் காட்டியிருக்கவே இல்லை.

அதனால் உங்கள் அலுவலகத் தெருவுக்கே அழைத்துப் போங்கள். தினமும் காலையில் நீங்கள் ஏறும் அதே பிக்காடில்லி லைன் ரயிலில். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். ஒன்பதரைக்கு மேல் கிளம்பினால் கட்டணமும் குறைவு, அம்மாவுக்கு உட்கார இடமும் கிடைக்கும். ரஸ்ஸல் ஸ்கொயர் ஸ்டேஷனில் லிஃப்ட் இருந்தாலும் பிளாட்பாரத்துக்கும் அதற்கும் நடுவே படிகள் உண்டு என்பது உங்களுக்கே தெரியும். முட்டிவலிக்கு அது ஆகாது. அடுத்த ஸ்டேஷனான கிங்ஸ் கிராஸில் படி ஏறாமலே வெளியே வந்துவிடலாம். அங்கிருந்து ஒரு டாக்ஸி. அன்று ஒருநாள் அந்தச் செலவைப் பார்க்காதீர்கள்.

முதலில் உங்கள் அலுவலக வாசல், காபி வாங்கும் கடை, மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும் பெஞ்ச். அப்புறம் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் (SOAS) கல்லூரித் தோட்டம். 1996-இல் வைத்த திருவள்ளுவர் சிலை அங்கே இருக்கிறது. தன் மகள் வேலை பார்க்கும் தெருவுக்குப் பக்கத்தில் வள்ளுவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது அப்பாவுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா! கொஞ்சம் தள்ளி டாவிஸ்டாக் ஸ்கொயரில் காந்தி சிலை, 1968-இல் வைத்தது. அம்மாவால் முடிந்தால் அதுவும். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பிரிட்டிஷ் மியூசியமும் அருகில்தான், அனுமதி இலவசம். முழுக்கச் சுற்ற நினைக்காதீர்கள். 33-ஆம் அறை போதும். அங்கே சோழர் காலத்து வெண்கல நடராசர் இருக்கிறார். கும்பகோணத்துக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் லண்டனில் எனக்குத் தெரிந்து இல்லை. மெழுகில் உருவம் பிடித்து, மேலே மண் பூசி, சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி வார்க்கும் அதே வேலையை அவர் ஊருக்குப் பக்கத்தில், சுவாமிமலையில், ஸ்தபதிகள் இன்றும் செய்கிறார்கள். அவர் பார்த்தே வளர்ந்திருப்பார். மூன்று மாதமாக நீங்கள்தான் அவருக்கு எல்லாவற்றையும் விளக்கியிருப்பீர்கள். அந்த அறையில் அவர் உங்களுக்குச் சொல்லட்டும். அவசரப்படுத்தாமல் கேளுங்கள்.

ஒன்றரை மணிக்குத் திரும்பிவிடுங்கள். இதற்குக் காரணம் அம்மா. "எங்கயும் வேணாம்" என்று அவர் சொல்வது சலிப்பில் அல்ல என்று நினைக்கிறேன். பேரனை விட்டுப் போகப்போகிற வருத்தமாக இருக்கும். அன்று மாலை அவனைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் வேலையை அவருக்கென்றே ஒதுக்குங்கள். கூடவே நடந்து போங்கள், முன்னால் போகாதீர்கள். காலையில் புறப்படும்போதே இதைச் சொல்லிவிட்டால் நிம்மதியாக உங்களோடு வருவார்.

பெட்டிகளைப் புதன் இரவே எடை போட்டுப் பூட்டுங்கள். மாத்திரைகள், ஒரு சால்வை, பாஸ்போர்ட் மூன்றும் கைப்பையில். ஹவுன்ஸ்லோவிலிருந்து ஹீத்ரோ பக்கம்தான் என்றாலும் ஐந்தேகாலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்று. விமான நிலையத்தில் அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்று விமான நிறுவனத்திடம் குறைந்தது 48 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும். கேட்டால், "எனக்கு எதுக்குடி அதெல்லாம்" என்பார். கேட்காமலே திங்கட்கிழமை பதிவு செய்துவிடுங்கள்.