பூச்சிக்குள் பாக்டீரியா தேடும் மகளுக்கு என்ன வேலை கிடைக்கும்?

பூச்சியைப் பிடித்து வந்து ஆராயும் படிப்பில் பிழைப்புக்கு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயம் உண்டு. ஆனால் அவள் கற்றுக்கொள்வது என்ன என்று நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவள் தேடும் வோல்பாக்கியா என்பது பூச்சியின் செல்லுக்குள்ளேயே குடியிருக்கும் பாக்டீரியா. 1924-இல் கொசுவில் முதன்முதலாகக் கண்டறிந்தார்கள். தாயின் முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்குப் போகும். செல்லுக்கு வெளியே, சாதாரண ஆய்வகத் தட்டில் வளராது. அதனால்தான் டிஎன்ஏவைத் தேட வேண்டியிருக்கிறது. எத்தனாலில் போட்டு வைத்த பூச்சியை நசுக்கி, டிஎன்ஏவைப் பிரித்து, அதில் தேடும் பகுதியை மட்டும் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆர் கருவியில் வைப்பார்கள். சுமார் 95 டிகிரி செல்சியஸில் இரட்டை இழை பிரியும்; சூடு இறங்கியதும், தேடும் பகுதியோடு பொருந்தும் சின்ன டிஎன்ஏ துண்டான பிரைமர் போய் ஒட்டும்; 72 டிகிரியில் புது இழை வளரும். இதே சுற்று 30, 35 முறை. அப்புறம் அந்த டிஎன்ஏவை மின்சாரம் பாய்ச்சிய ஜெல்லில் ஓட்டி, தேடிய ஜீனைக் காட்டும் பட்டை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

பட்டை தெரியாவிட்டால் உடனே ‘பாக்டீரியா இல்லை’ என்று எழுதிவிட முடியாது. டிஎன்ஏவே சரியாக வராமல் போயிருக்கலாம். அதனால் அதே டிஎன்ஏ மாதிரியில் பூச்சியின் சொந்த ஜீன் ஒன்றையும் தேடுவார்கள். அது கிடைத்து, பாக்டீரியாவின் ஜீன் கிடைக்காதபோதுதான் ‘இல்லை’ என்ற முடிவுக்கு மதிப்பு. கோவிட் பரிசோதனையிலும் பல கிட்களில் வைரஸோடு மனித ஜீன் ஒன்றையும் சேர்த்துத் தேடியது இதற்காகத்தான். பூச்சியே சேர்க்காமல் வெறும் தண்ணீர் விட்ட குழாயிலும் பட்டை வந்துவிட்டதா? எங்கோ கலப்படம் ஆகிவிட்டது. அந்தச் சோதனையை நம்பக் கூடாது. யாரும் சொல்லாமலே திரும்பச் செய்கிற பிள்ளையை நோய்ப் பரிசோதனைக் கூடத்துக்கும் தேவை, தடயவியலுக்கும் தேவை.

இந்தத் துறையே சின்னது என்றும் நினைக்காதீர்கள். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் வோல்பாக்கியா ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை (டெங்குவைப் பரப்பும் இனம்) விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021-இல் ஆய்வு முடிவு வெளியானது. அப்படியொரு திட்டத்தில் பிடிபடும் கொசுவில் பாக்டீரியா நிலைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க ஆட்கள் வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இளங்கலையோடு நின்றால் பெரும்பாலும் ஆய்வக உதவியாளர் நிலை வேலைதான். சொந்தமாக ஆய்வு நடத்த முனைவர் பட்டம் வரை போக வேண்டும். அந்த வருடங்களில் உதவித்தொகை மட்டும்தான். இதை வீட்டில் இப்போதே பேசிக்கொள்வது நல்லது. இளங்கலையில் விலங்கியல், நுண்ணுயிரியல், பயோடெக் எதுவானாலும் சரி. கூடவே புள்ளியியலும் கொஞ்சம் புரோகிராமிங்கும் கட்டாயம். கல்லூரியைப் பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்காமல், திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெட்டை மாணவர்கள் கையிலேயே கொடுக்கிறார்களா, ஆசிரியர் செய்துகாட்டுவதோடு சரியா என்று கேளுங்கள்.

அவளுடைய ஆய்வகக் குறிப்பேட்டையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். பூச்சி பிடித்த தேதி, இடம், மாதிரி எண், சொதப்பிய சோதனை எல்லாம் அடித்தழிக்காமல் இருந்தால், இன்டர்ன்ஷிப் நேர்காணலில் சான்றிதழ்களுக்கு முன்னால் அதையே காட்டச் சொல்லுங்கள்.