செயலியில் 153 காட்டுகிறது, மகனின் நுரையீரல் கெட்டுவிடுமா?

கேள்வி: வேளச்சேரியில் வசிக்கிறோம். 8 வது வயதில் இருக்கும் என் மகனுக்கு ஆஸ்துமா. ஒரு செயலி காற்றின் தரம் 153 என்கிறது, அரசின் 'சமீர்' செயலி 100 என்கிறது. எதை நம்புவது? அவன் நுரையீரல் நிரந்தரமாகக் கெட்டுவிடுமோ என்று தூக்கமே இல்லை. ஜன்னல்களை மூடியே வைத்து, கொசுவர்த்தி ஏற்றுகிறோம். வளர்த்தி குறையும் என்று யூடியூபில் சொன்னதால் தினசரி இன்ஹேலரை நிறுத்திவிட்டேன். இளைத்தால் நீல நிற இன்ஹேலர் தருகிறேன். வாரத்தில் மூன்று நாளாவது விடிகாலையில் இருமி எழுந்துவிடுகிறான். போன மாதம் மீதமிருந்த ஸ்டீராய்டு சிரப் கொடுத்தேன்.

பதில்: அந்த விடிகாலை இருமலைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளை வாரத்தில் மூன்று நாள் இருமி எழுந்தால், நோய் கட்டுக்குள் இல்லை. நீல இன்ஹேலர் சுருங்கிய மூச்சுக்குழலைச் சில மணி நேரத்துக்கு விரித்துவிடும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் அழற்சியை அது தொடாது. அதை அடக்குவது நீங்கள் நிறுத்திய தினசரி இன்ஹேலரில் உள்ள சிறிதளவு ஸ்டீராய்டுதான். அதனால் குறையக்கூடிய உயரம் கடைசியில் சுமார் 1 செ.மீ. அதற்குப் பயந்து மருந்தை நிறுத்திவிட்டு, அதைவிடப் பல மடங்கு ஸ்டீராய்டை உடம்பு முழுவதும் பரப்பும் சிரப்பை யாரையும் கேட்காமல் ஊற்றியிருக்கிறீர்கள். இனி அந்தப் பாட்டிலைத் தொடாதீர்கள்.

இந்த வாரமே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். அதற்குள் மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்ளே இழுத்தாலோ, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினாலோ, நீல இன்ஹேலரைக் கொடுத்தபடியே 108-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இரண்டு செயலியும் சொல்வது ஒரே காற்றைத்தான். ஒரு கனமீட்டரில் பிஎம் 2.5 நுண்துகள் 60 மைக்ரோகிராம் இருந்தால் இந்தியக் குறியீட்டில் 100, அமெரிக்கக் குறியீட்டில் 150-க்கு மேல். நம் குறியீடு 100 வரை 'திருப்திகரம்' என்பதால் காற்று சுத்தம் என்று நான் சொல்ல மாட்டேன். இதே நுண்துகளின் ஆண்டு சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்; நம் நாட்டு வரம்பு 40. வருடக்கணக்கில் மோசமான காற்றைச் சுவாசிக்கும் பிள்ளைகளின் நுரையீரல் வளர்ச்சி குறைகிறது என்பதும் உண்மை. ஆனால் ஒரு நாள் எண்ணை வைத்து அதைத் தீர்மானிக்க முடியாது. அழற்சி அடங்கிய பிள்ளை இதே காற்றில் தாராளமாக ஓடியாடலாம்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1984-ல் தொடங்கிய கண்காணிப்பு இன்று நாடெங்கும் பரவியிருக்கிறது. உங்கள் வேளச்சேரியிலேயே ஒரு தானியங்கி நிலையம் உண்டு. அங்கிருந்து வரும் குறியீடு கடந்த 24 மணி நேரச் சராசரி. போகி விடியலில் தெரு முழுக்கப் புகை மண்டினாலும் எண் மெதுவாகத்தான் ஏறும். அன்றைக்கு வாரியத்தின் இணையதளத்தில் மணிவாரியான பிஎம் 2.5 அளவைப் பாருங்கள், அவனை வீட்டுக்குள் வையுங்கள். மற்ற நாட்களில் விளையாட விடுங்கள்.

எந்த நிலையமும் அளக்காத இடம் அவன் படுக்கையறை. ஜன்னலைச் சாத்திவிட்டுக் கொசுவர்த்திச் சுருள் ஏற்றினால், வெளியே இருப்பதைவிட அதிக நுண்துகளை அவன் இரவெல்லாம் சுவாசிக்கிறான். விடிகாலை இருமலில் அதற்கும் பங்கு இருக்கும். இன்றே நிறுத்துங்கள், கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணியும் அந்த அறையில் வேண்டாம். நுரையீரலைக் 'கழுவும்' கஷாயம், டானிக் எதற்கும் காசு செலவழிக்காதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது இரண்டு இன்ஹேலர்களையும், அவற்றோடு பொருத்தி மருந்தை இழுக்க உதவும் குழலான ஸ்பேசரையும் எடுத்துப் போங்கள். அவர் முன்னால் அவனே இழுத்துக் காட்டட்டும். முறை தவறினால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும்.