சினிமா ஜெயிலும் நான் பார்த்த ஜெயிலும்: ஓய்வுபெற்ற சிறைக் காவலரிடம் கேளுங்கள்

தமிழ்நாட்டு மத்திய சிறைகளில் 31 வருஷம் வார்டராக இருந்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

வினோத்: சார், நீங்களும் போலீஸ்தானே?

தேர்வு நடத்துவது அதே சீருடைப் பணியாளர் தேர்வாணையம்தான். துறை வேறு. கைதியைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போவதுகூட ஆயுதப்படை போலீஸ். ஹெல்மெட் கேஸில் மாட்டிய சொந்தக்காரருக்கு மட்டும் நான் போலீஸ்.

மீனா: படத்தில் வார்டர் வந்தாலே அடிதான். நிஜத்தில்?

அடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன், செல்போன் உள்ளே போகக் காசு வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் பிளாக்குக்குள் துப்பாக்கி கிடையாது. காலையில் ஒருவனை அடித்தால் மாலையில் அவன் கூட்டாளிகள் நடுவில் நான்தான் தனியாக நிற்க வேண்டும். ஆறு கைதிக்கு ஒரு காவலர் என்கிறது 2016 மாதிரிச் சிறைக் கையேடு. நான் நின்ற பிளாக் எதிலும் அந்தக் கணக்கு இருந்ததில்லை. பேச்சுக் கொடுத்தே ஓட்ட வேண்டிய வேலை.

ராஜா முகமது: அப்போ நாள் முழுக்க என்னதான் வேலை?

எண்ணுவது! திறக்கும்போது எண்ணு, லாக்-அப்பில் எண்ணு, டியூட்டி மாறும்போது எண்ணு. ஒருநாள் சாயங்காலம் ஒரு தலை குறைந்தது. பிளாக் பிளாக்காக மறுபடி எண்ணினோம். டவரில் பாரா நின்றவர் முதல் சமையல்கட்டு வரை யாரும் நகரவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த ஆள் மதியமே பெரியாஸ்பத்திரியில் அட்மிட். அதற்கான சீட்டு எங்கள் ஆள் ஒருவரின் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது. அன்று டீ வாங்கிக் கொடுத்தது அவர்தான்.

கவிதா: தூக்குத் தண்டனை பார்த்திருக்கிறீர்களா?

இல்லை. தமிழ்நாட்டில் கடைசியாக நடந்தது 1995-இல், சேலத்தில், ஆட்டோ சங்கருக்கு.

செந்தில்: பயந்ததுண்டா?

1999 நவம்பரில் பழைய சென்னை மத்திய சிறைக் கலவரத்தில் துணை ஜெயிலர் ஒருவரை எரித்தே கொன்றார்கள். துப்பாக்கிச் சூட்டில் கைதிகளும் செத்தார்கள். நான் அங்கே இல்லை. ஆனாலும் ரொம்ப நாளைக்கு டியூட்டி முடிந்ததும் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

மீனா: சினிமா சரியாகக் காட்டியது ஒன்றுகூட இல்லையா?

மனு பார்க்கும் இடம், அதாவது வீட்டு ஆட்கள் வந்து கைதியைப் பார்த்துப் பேசும் இடம். கம்பிவலைக்கு இரண்டு பக்கமும் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். ஸ்கூல் பீஸ் கட்டியாச்சா, வக்கீல் என்ன சொன்னார், மாடு கன்று போட்டுச்சா. காதில் விழாத மாதிரி நிற்பதுதான் எங்கள் டியூட்டி. யார் வீட்டு மாடு எப்போது ஈன்றது என்பது முழுக்க எனக்குத் தெரியும்.